'டு', 'ஃபார் டு', 'ட்ரை அண்ட்': ஆங்கில எச்சத்தின் முன் நின்ற சொற்களின் வரலாறு

ஆங்கிலம் கற்கும் மாணவர் ஒருவர் 'நான் வர முயல்கிறேன்' என்பதை 'ஐ வில் ட்ரை அண்ட் கம்' என்று எழுதினால், ஆசிரியர் 'அண்ட்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'டு' என்று திருத்துவார். 'ஐ வில் ட்ரை டு கம்' என்பதே பாடநூல் காட்டும் வடிவம். அதே மாணவர் பின்னாளில் இங்கிலாந்து மக்களின் பேச்சைக் கேட்க நேர்ந்தால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 'ட்ரை அண்ட்' என்று தயக்கமின்றிச் சொல்வதைக் காண்பார். அப்படியானால் தவறு யாருடையது? திருத்திய ஆசிரியருடையதா, பேசும் மக்களுடையதா?

இந்தக் கேள்விக்கு விடை ஆங்கில மொழியின் வரலாற்றில் இருக்கிறது. வினையெச்சத்தின் முன் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்பதில் ஆங்கிலம் ஆயிரம் ஆண்டுகளாகப் பல சொற்களை முயன்று பார்த்திருக்கிறது. 'டு', 'அட்', 'ஃபார் டு', 'அண்ட்' ஆகிய நான்கும் வெவ்வேறு காலங்களில் அந்த இடத்துக்கு வந்தன. அவற்றில் சில நிலைத்தன, சில மறைந்தன, சில பேச்சில் மட்டும் தங்கின. இவற்றின் மதிப்பை முடிவு செய்ததில் தருக்கத்தின் பங்கு குறைவு. யார் பேசினார்கள், யார் எழுதினார்கள் என்பதன் பங்கே அதிகம்.

எச்சம் என்பது எது?

ஆங்கில இலக்கணத்தில் இன்ஃபினிட்டிவ் எனப்படும் வினைவடிவம், தமிழில் 'வர', 'போக', 'குடிக்க' என வரும் செயவென் வாய்பாட்டு வினையெச்சத்துக்கு ஏறத்தாழ இணையானது. காலமும் இடமும் காட்டாமல், இன்னொரு வினையைச் சார்ந்து நிற்பது அதன் இயல்பு. தமிழில் இந்த எச்சத்தைக் காட்டுவது சொல்லின் இறுதியில் வரும் 'அ' என்னும் ஈறு. இன்றைய ஆங்கிலத்தில் அதைக் காட்டுவது சொல்லுக்கு முன் நிற்கும் 'டு'. ஆனால் தொடக்கத்தில் ஆங்கிலமும் தமிழைப் போலவே ஈற்றால் எச்சத்தைக் காட்டிய மொழிதான்.

பழைய ஆங்கிலம்: ஈறே போதுமான காலம்

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அதில் எச்சத்தின் ஈறு '-அன்'. 'குடிக்க' என்பதற்கு 'ட்ரிங்கன்' என்றால் போதும். முன்னால் எந்தச் சொல்லும் தேவையில்லை.

நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் வேறொரு வடிவம் இருந்தது. அது 'டோ ட்ரிங்கென்னெ'. இதில் வரும் 'டோ' என்பதே இன்றைய 'டு'வின் முன்னோர். அது அப்போது எச்சத்தின் அடையாளமாக இல்லை. 'ஓரிடத்தை நோக்கி', 'ஒன்றுக்கு' எனப் பொருள்படும் முன்னிடைச்சொல்லாகவே இருந்தது. தன்னைத் தொடரும் பெயர்ச்சொல்லைப் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் நிறுத்தும். 'ட்ரிங்கென்னெ' என்பதும் வினையிலிருந்து பிறந்து, நான்காம் வேற்றுமை ஏற்ற வடிவமே. ஆகவே இத்தொடரைத் தமிழில் 'குடிப்பதற்கு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். தமிழில் 'குடிக்க', 'குடிப்பதற்கு' என்று இரண்டு வழிகள் இருப்பது போலப் பழைய ஆங்கிலத்திலும் இரண்டு வழிகள் இருந்தன.

பிறகு ஈறுகள் தேயத் தொடங்கின. ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் முதலசையில் விழும். அழுத்தம் பெறாத கடைசி அசைகள் காலப்போக்கில் மங்கின. '-அன்' என்பது '-என்' ஆயிற்று, '-என்' என்பது '-எ' ஆயிற்று, இறுதியில் அதுவும் உதிர்ந்தது. 'ட்ரிங்கன்' வெறும் 'ட்ரிங்க்' ஆனது. இப்போது அது எச்சமா, ஏவலா, நிகழ்கால வினையா என்று சொல்லைப் பார்த்துக் கண்டுகொள்ள வழியில்லை. ஈறு செய்த வேலையை முன்னால் நின்ற 'டு' ஏற்றுக்கொண்டது. நோக்கத்தைக் காட்டிய சொல், நோக்கம் இல்லாத இடங்களிலும் வெறும் அடையாளமாக நிற்கத் தொடங்கியது.

இந்த மாற்றம் எல்லா இடத்திலும் நுழையவில்லை. 'கேன்', 'மஸ்ட்', 'வில்', 'ஷல்' போன்ற துணைவினைகளுக்குப் பின் பழைய ஆங்கிலத்தில் ஈற்று எச்சமே வந்தது. ஈறு உதிர்ந்த பின்னும் அங்கே 'டு' குடியேறவில்லை. அதனால்தான் 'ஐ கேன் கோ' என்கிறோம், 'ஐ கேன் டு கோ' என்பதில்லை. 'மேக் ஹிம் கோ' என்பதில் 'டு' இல்லை. ஆனால் 'ஹி வாஸ் மேட் டு கோ' என்று செயப்பாட்டில் 'டு' வந்துவிடுகிறது. மாணவர்கள் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்யும் இந்த விதிவிலக்குகள், 'டு' வருவதற்கு முந்தைய காலத்தின் எச்சங்களே.

வடக்கிலிருந்து வந்த 'அட்'

9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்களுடைய நார்ஸ் மொழியில் எச்சத்தின் முன் 'அட்' என்ற சொல் நின்றது. வட இங்கிலாந்தின் பேச்சிலும் இது கலந்தது. அங்கே 'டு' இருக்க வேண்டிய இடத்தில் 'அட்' வந்தது.

'அட்' நிலைக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு சொல்லில் அது தன் தடத்தை விட்டுச் சென்றது. 'செய்ய' என்னும் பொருளில் வடக்கில் வழங்கிய 'அட் டூ' என்ற தொடர் ஒட்டிப்போய் 'அடூ' என ஒரு பெயர்ச்சொல்லாயிற்று. பரபரப்பு, ஆரவாரம் என்பது அதன் பொருள். 1600இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத் தலைப்பில் இருப்பது அந்தச் சொல்தான். தோற்றுப்போன ஓர் எச்சக் குறி, உலகப் புகழ்பெற்ற நாடகத்தின் பெயருக்குள் மறைந்து வாழ்கிறது.

'ஃபார் டு': எழுச்சியும் வீழ்ச்சியும்

'டு' வெறும் அடையாளமாக மாறியதால் ஒரு சிக்கல் எழுந்தது. 'இதற்காக' என்று நோக்கத்தை அழுத்திச் சொல்ல விரும்பினால் 'டு' மட்டும் போதவில்லை. ஆகவே அதன் முன் 'ஃபார்' சேர்க்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டளவில் தோன்றிய 'ஃபார் டு' இப்படிப் பிறந்தது. தமிழர்களுக்கு இதன் போக்கு எளிதில் புரியும். 'பார்க்க வந்தேன்' என்பதை அழுத்தமாக்க 'பார்ப்பதற்கு வந்தேன்' என்கிறோம். அதுவும் போதாதபோது 'பார்ப்பதற்காக வந்தேன்' என்கிறோம். 'டு'வின் மேல் 'ஃபார்' ஏறியதும், 'கு'வின் மேல் 'ஆக' ஏறியதும் ஒரே தேவையால் நிகழ்ந்தவை.

14ஆம் நூற்றாண்டில் 'ஃபார் டு' எங்கும் பரவியது. ஜெஃப்ரி சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலின் முன்னுரையில், யாத்திரை செல்ல மக்கள் ஏங்குவதைச் சொல்லும் அடுத்தடுத்த இரண்டு அடிகளில் ஒன்றில் 'டு'வும் மற்றொன்றில் 'ஃபார் டு'வும் வருகின்றன. 'ஃபார் டு'வும் இதற்குள் நோக்கப்பொருளை இழந்து, 'டு'வுக்கு மாற்றாக எங்கும் வரும் சொல்லாகிக்கொண்டிருந்தது. செய்யுளில் ஓர் அசை கூட்ட வேண்டுமானால் 'ஃபார் டு', குறைக்க வேண்டுமானால் 'டு' என்று கவிஞர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் இந்த இரட்டை வழக்கைத் தெளிவாகக் காணலாம். மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், யோவானைப் பற்றி இயேசு மக்களிடம் 'எதைப் பார்க்கப் போனீர்கள்' என்று மூன்று முறை கேட்கிறார். 7ஆம் வசனத்தில் 'டு' வருகிறது. 8, 9ஆம் வசனங்களில் 'ஃபார் டு' வருகிறது. ஒரே கேள்வி, ஒரே பொருள், இரண்டு வடிவங்கள். மொழிபெயர்த்த அறிஞர்களுக்கு இரண்டில் எதுவும் இழிவாகத் தோன்றவில்லை.

ஆனால் அக்காலத்திலேயே 'ஃபார் டு' பழஞ்சொல்லாகத் தொடங்கியிருந்தது. 'ஹாம்லெட்' நாடகத்தில் அது வரும் இடங்களில் ஒன்று, கல்லறை தோண்டுபவன் பாடும் பாட்டு. நோக்கத்தை அழுத்திச் சொல்ல 'இன் ஆர்டர் டு', 'ஸோ ஆஸ் டு' போன்ற தொடர்கள் நிலைபெற்றன. எழுத்து ஆங்கிலத்திலிருந்து 'ஃபார் டு' மெல்ல வெளியேறியது.

மக்களின் பேச்சிலிருந்து அது வெளியேறவில்லை. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரப் பேச்சிலும், அமெரிக்காவின் அப்பலாச்சிய, ஓசார்க் மலைப்பகுதிகளிலும், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலும் அது தொடர்ந்தது. அடிமைத்தளையில் இருந்த கறுப்பின மக்களின் சமயப் பாடல்களில் ஒன்றான 'ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்' பாட்டின் பல்லவியிலும் 'ஃபார் டு' ஒலிக்கிறது. சாசரும் விவிலிய அறிஞர்களும் எழுதிய அதே வடிவம், உழவர்களும் மலைவாழ் மக்களும் அடிமைகளும் பேசும் வடிவமாக மட்டும் எஞ்சியபோது, 'படிக்காதவர் பேச்சு' என்று பெயர் பெற்றது. வடிவம் மாறவில்லை. அதைப் பேசியவர்களின் சமூக நிலைதான் மாறியது.

'ட்ரை' வந்த வழி

இனி 'அண்ட்' கதைக்கு வருவோம். 'ட்ரை' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் அங்கே வந்து சேர்ந்த பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று. 'ட்ரியே' என்ற பிரெஞ்சு வினைக்குப் பிரித்தெடு, சலித்தெடு என்பது பொருள். நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது என்பதிலிருந்து, ஆராய்தல், சோதித்தல் என்ற பொருள்கள் ஆங்கிலத்தில் வளர்ந்தன. நீதிமன்ற வழக்கை விசாரிப்பதற்கு இன்றும் 'ட்ரை' என்ற வினையும் 'ட்ரையல்' என்ற பெயரும் வழங்குவது அதனால்தான். 'முயற்சி செய்' என்னும் இன்றைய பொருள் இவற்றுக்குப் பின் வந்தது.

'ட்ரை'க்குச் சோதித்துப் பார் என்ற பொருள் இருந்த காலத்தில், அதன்பின் 'அண்ட்' வருவது முற்றிலும் இயல்பு. 'சோதித்துப் பார், கண்டுபிடி' என இரண்டு தனித்தனிச் செயல்களை 'அண்ட்' இணைத்தது. 'ட்ரை'யின் பொருள் மெல்ல 'முயல்' என்று நகர்ந்தபோது, 'அண்ட்' இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. இரண்டு செயல்களாக இருந்தவை ஒரே செயலின் இரண்டு பாதிகளாயின.

ஆகவே 'ட்ரை டு' என்ற செம்மையான வடிவத்தைப் பிற்காலத்தவர் சோம்பலால் 'ட்ரை அண்ட்' என்று கெடுத்தார்கள் என்னும் எண்ணத்துக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே 'ட்ரை அண்ட்' காணப்படுகிறது. 'ட்ரை டு' அதற்கு மூத்தது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் டிக்கன்ஸும் மார்க் ட்வைனும் 'ட்ரை அண்ட்' எழுதியவர்களே.

தமிழிலும் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 'ட்ரை' என்பதற்குத் தமிழர் இயல்பாகச் சொல்வது 'செய்து பார்'. 'சாப்பிட்டுப் பார்', 'கேட்டுப் பார்', 'எழுதிப் பார்' என்பவற்றில் 'பார்' என்பது கண்ணால் காண்பதைக் குறிக்கவில்லை, முயல்வதைக் குறிக்கிறது. 'செய்து, பிறகு விளைவைப் பார்' என்ற இரண்டு செயல்கள் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்தில் 'சோதி' முதலில் வந்து, செயல் பின்னால் வருகிறது. தமிழில் செயல் முதலில் வந்து, 'பார்' பின்னால் வருகிறது. வரிசை தலைகீழ். ஆனால் இரண்டு மொழிகளும் சோதிப்பதைக் கொண்டே முயல்வதைச் சொல்லக் கற்றன.

இந்த 'அண்ட்' எப்படி நடந்துகொள்கிறது?

'ட்ரை அண்ட்' என்பதில் உள்ள 'அண்ட்' வழக்கமான இணைப்புச்சொல்லைப் போல நடந்துகொள்வதில்லை. மொழியியலாளர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட முக்கிய இயல்புகள் இவை.

முதலாவது, வரிசையை மாற்ற முடியாது. 'பாடி அண்ட் ஆடி' என்பதுபோல் உண்மையான இணைப்பாக இருந்தால் முன்பின் மாற்றலாம். 'ட்ரை அண்ட் கம்' என்பதைக் 'கம் அண்ட் ட்ரை' என்று மாற்றினால் 'வந்து முயன்று பார்' என வேறு பொருள் வந்துவிடும்.

இரண்டாவது, வினை திரிபடைந்தால் இந்த வழக்கு உடைந்துபோகும். ஏவலாகவோ, 'வில்', 'டு' போன்றவற்றின் பின்னோ 'ட்ரை' தன் வேர்வடிவில் நிற்கும்போதுதான் 'அண்ட்' வரும். 'ஹி ட்ரைட் அண்ட் கேம்' என்றால் 'வர முயன்றான்' என்று பொருள்படாது. அங்கே 'ஹி ட்ரைட் டு கம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஹி ட்ரைஸ் அண்ட்', 'ட்ரையிங் அண்ட்' என்பவையும் பொது வழக்கில் இல்லை. கை கார்டன், டேவிட் பெசெட்ஸ்கி ஆகிய இரு மொழியியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரை இந்த வேர்வடிவக் கட்டுப்பாட்டை விரிவாக விளக்கியது.

மூன்றாவது, உண்மையான இணைப்பில் செய்ய முடியாத ஒன்றை இதில் செய்யலாம். ஜான் ராபர்ட் ராஸ் 1967இல் எம்.ஐ.டி.யில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், இணைப்புத் தொடரின் ஒரு பாதியிலிருந்து மட்டும் ஒரு சொல்லை எடுத்துக் கேள்வியாக்க முடியாது என்று காட்டினார். ஆனால் 'வாட் டிட் யூ ட்ரை அண்ட் ஈட்?' என்று கேட்பது ஆங்கிலத்தில் இயல்பாக இருக்கிறது. 'ஈட்' என்பதன் செயப்படுபொருள் மட்டும் வெளியே வந்து கேள்வியாகி நிற்கிறது. இந்த 'அண்ட்' உள்ளுக்குள் 'டு'வின் வேலையைச் செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

நான்காவது, முழுமையாக 'டு'வாகவும் அது மாறிவிடவில்லை. 'வருவாயா?' என்று கேட்டால் 'ஐ வில் ட்ரை டு' என்று நிறுத்தலாம். 'ஐ வில் ட்ரை அண்ட்' என்று நிறுத்த முடியாது. 'ட்ரை நாட் டு கோ' என்பது சரி. 'ட்ரை நாட் அண்ட் கோ' என்று யாரும் சொல்வதில்லை, 'ட்ரை அண்ட் நாட் கோ' என்பார்கள்.

இவை எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாதவை. ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை இவற்றைப் பிழையின்றிக் கடைப்பிடிக்கிறது. தவறு என்று ஒதுக்கப்படும் வழக்கு விதிகளற்ற குழப்பமாக இருந்தால் இப்படி நிகழாது.

'அண்ட்' நிலைத்ததற்கு ஓசையும் ஒரு காரணம். 'முயல' என்று சொல்லவே முன்னால் ஒரு 'டு' வேண்டும். அதன்பின் மீண்டும் 'டு' வந்தால் 'டு ட்ரை டு' என்று அடுக்காகும். 'டு ட்ரை அண்ட்' என்பது நாவுக்கு எளிது. பேசுபவர்கள், முன்னால் 'டு' இருக்கும் இடங்களில் 'அண்ட்'டை அதிகம் நாடுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பிரிட்டனின் பேச்சில் இவ்வழக்கு மிகுதி. அமெரிக்காவில் 'ட்ரை டு' ஓங்கி நிற்கிறது. இரு நாடுகளிலும் எழுத்தைவிடப் பேச்சில்தான் 'அண்ட்' அதிகம்.

வேறு மொழிகளிலும் இதே குழப்பம்

எச்சக் குறியும் இணைப்புச் சொல்லும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. நார்வே மொழியில் எச்சத்தின் முன் வரும் சொல்லும், 'உம்' எனப் பொருள்படும் இணைப்புச் சொல்லும் எழுத்தில் வேறு, பேச்சில் ஒன்றே. இரண்டும் 'ஓ' என்றே ஒலிக்கும். அங்குள்ள பள்ளி மாணவர்கள் எந்த இடத்தில் எதை எழுதுவது என்று தடுமாறுவது மிகவும் பழகிய எழுத்துப்பிழை. டேனிஷ், சுவீடிஷ் மொழிகளிலும் இதே ஒலி ஒப்புமை உண்டு.

'வெதர்' வரலாம், 'இஃப்' வரக்கூடாது

எச்சத்தின் முன் இயல்பாக நிற்கும் இணைப்புச் சொற்களும் ஆங்கிலத்தில் உள்ளன. 'போவதா வேண்டாமா என்று தெரியவில்லை' என்பதை 'வெதர் டு கோ' என்று சொல்லலாம். அதே பொருளில் 'இஃப்' வந்தாலும், 'இஃப் டு கோ' என்று சொல்வது வழக்கில்லை. இதற்கும் வரலாறு துணைசெய்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'வெதர்' என்பதன் முன்வடிவம் 'இரண்டில் எது' என்று பொருள்படும் வினாச்சொல். 'வாட் டு டூ', 'வேர் டு கோ' என வினாச்சொற்களின் பின் எச்சம் வருவது போல, 'வெதர்' பின்னும் வருகிறது. 'இஃப்' வினாச்சொல் குடும்பத்தில் பிறந்ததன்று. அது நிபந்தனையைக் காட்டும் சொல்.

இலக்கணக்காரர்களின் காலம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வணிகமும் அச்சும் பெருகின. புதிதாகச் செல்வம் சேர்த்த குடும்பங்கள் உயர்குடியினரைப் போலப் பேசவும் எழுதவும் விரும்பின. எது சரி, எது தவறு என்று சொல்லும் நூல்களுக்குத் தேவை எழுந்தது. 1762இல் ராபர்ட் லோத் என்ற சமய அறிஞர் ஆங்கில இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னாளில் அவர் லண்டன் பிஷப் ஆனார். 1795இல் லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் வந்தது. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த மர்ரேயின் நூல், அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பல்லாண்டுகள் பள்ளிகளை ஆண்டது.

இந்தச் சூழலில், பேச்சு வழக்குகளைத் தருக்கத்தால் அளக்கும் பழக்கம் வேரூன்றியது. 'ட்ரை அண்ட்' மீதான கண்டனம் 19ஆம் நூற்றாண்டில் கிளம்பியது. கண்டித்தவர்களின் வாதம் எளிமையானது. 'அண்ட்' இரண்டு செயல்களை இணைக்கும் சொல். 'முயல்வேன், வருவேன்' என்று சொன்னால், வருவது உறுதியாகிவிட்ட பின் முயல்வானேன் என்று கேட்டார்கள். காகிதத்தில் வாதம் சரியாகத் தோன்றும். ஆனால் 'எழுதிப் பார்' என்று தமிழில் சொன்னால், 'எழுதியதைக் கண்ணால் பார்' என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அதுபோல 'ட்ரை அண்ட் கம்' என்பதை இரண்டு செயல்களாகப் புரிந்துகொண்ட ஆங்கிலேயர் எவரும் இல்லை.

1926இல் எச். டபிள்யூ. ஃபௌலர் 'எ டிக்‌ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்' நூலை வெளியிட்டார். பிழையைப் பொறுக்காதவர் என்று பெயரெடுத்த அவர், 'ட்ரை அண்ட்' விஷயத்தில் எதிர்பாராத பக்கம் நின்றார். அது ஆங்கிலத்தின் மரபு வழக்கு என்றும், இயல்பாக வருமிடத்தில் பயன்படுத்தத் தயங்க வேண்டாம் என்றும் கருதினார். ஊக்கப்படுத்தும்போதும் வாக்குக் கொடுக்கும்போதும் அதற்குத் தனியான ஒரு சாயல் இருப்பதையும் கவனித்தார்.

இங்கே இரண்டு சொற்களின் தலைவிதியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'ஃபார் டு'வும் 'ட்ரை அண்ட்'டும் எழுத்து ஆங்கிலத்தின் விதிக்குப் புறம்பானவை. இரண்டுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஆனால் 'ட்ரை அண்ட்' தவறு என்று சொல்லப்பட்ட போதிலும் நாவலாசிரியர்களும் படித்த குடும்பங்களும் அதை விடவில்லை. அதற்காக வாதாட ஃபௌலர் வந்தார். 'ஃபார் டு' படித்தவர்களின் வாயிலிருந்து நீங்கி, ஏழைகளின் வாயில் மட்டும் தங்கியது. அதற்காக வாதாட அத்தகைய புகழ்பெற்ற கையேடு எதுவும் முன்வரவில்லை.

இந்திய வகுப்பறைக்கு வந்து சேர்ந்த விதி

ஆங்கிலம் இந்தியாவுக்குப் பேச்சாக மட்டும் வரவில்லை, புத்தகமாகவும் வந்தது. இந்தியக் கல்வித்துறையில் பணியாற்றிய ஜே. சி. நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்களும், அதன்பின் 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் பள்ளி இலக்கணமும் தலைமுறை தலைமுறையாக இங்கே பயிலப்பட்டன. ஆங்கிலேயர் வீட்டில் பேசியதைக் கேட்கும் வாய்ப்பு தமிழ்நாட்டு மாணவர் பெரும்பாலோருக்கு இல்லை. கையில் இருந்தது எழுத்து மொழியின் விதி மட்டுமே. ஆகவே விதியே மொழி என்ற எண்ணம் இயல்பாக வளர்ந்தது.

இந்த எண்ணத்தின் விலையை மாணவர்கள் செலுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் பிழை வந்துவிடுமோ என்ற அச்சம், நன்கு படித்தவர்களையும் நேர்காணல்களில் ஊமையாக்குகிறது. இங்கிலாந்து மக்கள் அன்றாடம் பேசும் ஒரு தொடரைப் பேசியதற்காக ஒரு தமிழ் மாணவர் வெட்கப்பட நேர்வது வரலாறு அறியாததால் வரும் வெட்கம்.

இதனால் விதிகள் தேவையில்லை என்று ஆகிவிடாது. தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் ஆய்வுக்கட்டுரையிலும் 'ட்ரை டு' எழுதுவதே பாதுகாப்பு. அது எல்லா இடத்திலும் பொருந்தும், எந்தக் காலத்திலும் வினை திரிபடையலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். நண்பரிடம் பேசும்போது 'ட்ரை அண்ட்' வந்தால் பதற வேண்டியதில்லை. வேர்வடிவில் மட்டும் அது வரும் என்பதை நினைவில் வைத்தால் போதும். திருத்தும் ஆசிரியரும் 'இது தவறு' என்று சொல்வதற்குப் பதிலாக, 'இது பேச்சு வழக்கு, தேர்வில் இப்படி எழுது' என்று சொன்னால், மாணவருக்கு மதிப்பெண்ணும் மிஞ்சும், தன்னம்பிக்கையும் மிஞ்சும்.

தமிழ் இலக்கணம் தரும் ஒரு பாடம்

எச்ச வடிவங்கள் வருவதும் போவதும் நமக்குப் புதிதல்ல. நோக்கத்தைக் காட்ட வான், பான், பாக்கு என்னும் ஈறுகள் பழந்தமிழில் இருந்தன. நன்னூல் அவற்றை வினையெச்ச வாய்பாடுகளில் சேர்த்துச் சொல்கிறது. 'உண்பான் வந்தான்' என்றால் அன்று 'உண்ண வந்தான்' என்று பொருள். இன்று அப்படி யாரும் பேசுவதில்லை. அந்த இடத்தை 'உண்ண', 'உண்பதற்கு', 'உண்பதற்காக' ஆகியவை எடுத்துக்கொண்டன. பழைய வடிவம் தவறானதால் போகவில்லை, புதிய வடிவம் சிறந்ததால் வரவில்லை. பேசும் மக்கள் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொண்டார்கள்.

'டு', 'அட்', 'ஃபார் டு', 'அண்ட்' ஆகியவற்றின் கதையும் அதுவே. ஒரு வடிவம் இன்று எழுத்தில் ஏற்கப்படுகிறதா என்பது ஒரு கேள்வி. அது பிழையாகப் பிறந்ததா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பாடநூல் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு மொழியின் வரலாறுதான் விடை சொல்லும்.